கையால் ஏவட்டும் மழலை! தமிழால் எண்ணட்டும் மழலை!

(மழலையர் கல்வி குறித்துப் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

 

‘சிறு குழந்தைகளுக்கு எந்திரனை ஏவக் கற்பித்தல்’ என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. நான்கு அகவைக் குழந்தைக்கு நிரலாக்கமா என்று உங்களுள் சிலர் வியக்கின்றீர்கள். முதலில் ஆங்கிலம் படிக்கட்டும், பிறகு கணிப்பொறியைத் தொடட்டும் என்று வேறு சிலர் கருதுகின்றீர்கள். இவ்விரண்டு கருத்துகளும் பிழையானவை. நான்கு அகவையில் அது இயலும், இயன்றும் இருக்கின்றது. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. தொடக்கத்தில் எழுத்தறிவுகூடத் தேவையில்லை. தேவைப்படுவன மூன்றே: குழந்தையின் கை, கைக்கு அடங்கும் கருவி, வீட்டில் பேசும் தாய்மொழி. இதைச் சான்றுகளோடு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

‘ரோபோ’ என்று உலகம் வழங்கும் சொல்லை முதலில் பாருங்கள். அது ஆங்கிலச் சொல்லன்று. செக்கு மொழிச் சொல். காரல் சாப்பெக்கு என்னும் செக்கு எழுத்தாளர் 1920இல் எழுதிய நாடகத்தில் அது முதன்முதல் தோன்றியது. அச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தம் உடன்பிறந்தவரான ஓவியர் யோசெப்பு. கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரோபோட்டா’ என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1918இல்தான் அம்மக்கள் ஆத்திரியப் பேரரசின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தனர். விடுதலை பெற்று இரண்டே ஆண்டான ஒரு சிற்றினம், தன் தாய்மொழியில் படைத்த சொல்லை உலகமெல்லாம் எடுத்தாள்கிறது. தாய்மொழியில் எண்ணுகின்றவன் உலகிற்குச் சொல் கொடுக்கின்றான். பிறமொழியில் எண்ணுகின்றவன் சொல்லை இரந்து நிற்கின்றான். நாம் அதனை எந்திரன் என்போம்.

எந்திரனுக்குத் தானாக எண்ணும் உள்ளம் கிடையாது. ஏவியதைச் செய்யும், ஏவாததைச் செய்யாது. ஏவல்களைப் பொருந்திய வரிசையில் நிறுத்துவதே நிரல். உலை வைத்து, அரிசி களைந்து, உலையிலிட்டு, வெந்தபின் வடித்து இறக்குகின்றாளே நம் தாய், அவள் நாள்தோறும் ஒரு நிரலை இயக்குகின்றாள். வரிசை மாறினால் சோறு கெடும். ஆகவே நிரலாக்கம் என்பது மேலைநாட்டு மந்திரமன்று. ஒரு செயலைக் கூறுகளாகப் பிரித்து, முன்பின் அறிந்து அடுக்கி, பிழை நேர்ந்தால் எந்தக் கூற்றில் நேர்ந்ததெனக் கண்டு திருத்தும் அறிவே அது. அந்த அறிவைக் குழந்தைக்கு எவ்வாறு ஊட்டுவது என்பதுதான் வினா.

குழந்தை கையால்தான் கற்கிறது என்பது புதிய கருத்தன்று. செருமானிய நாட்டில் பிரோபல் என்பார் 1837இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் மழலையர்க்கான நிலையத்தைத் தொடங்கியபோது, பந்து, கட்டை, உருளை ஆகியவற்றையே கல்விக் கருவிகளாகக் கையில் கொடுத்தார். அந்தக் கட்டையையும் கணிப்பொறியையும் இணைத்து எண்ணிப் பார்த்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணக்கறிஞர் சேமூர் பேப்பர்ட்டு (1928–2016). சிறு குழந்தையாய் இருந்தபோது பற்சக்கரங்களை உருட்டி விளையாடியதே தமக்குக் கணக்கின்மேல் காதலை விளைத்தது என்று 1980இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் அவர் எழுதினார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாசேயுடன் செனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். வாலசு பியூர்சைக்கு, சிந்தியா சாலமன் முதலியவரோடு கூடிக் குழந்தைகளுக்கென ‘லோகோ’ என்னும் நிரல்மொழியை 1967இல் உருவாக்கினார்.

சில ஆண்டுகளில் அம்மொழிக்கு ஓர் உடலும் கிடைத்தது. தரையில் உருளும் ஓர் எந்திரன், அதன் வயிற்றில் ஓர் எழுதுகோல், பெயர் ஆமை. இங்கிலாந்தின் பிரித்தல் நகரில் மூளையியல் அறிஞர் கிரே வால்ட்டர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் செய்த எந்திர ஆமைகளை ஒட்டி எழுந்த பெயர் அது. ‘முன்னே செல், திரும்பு’ என்று ஏவினால் ஆமை நகர்ந்து, விரித்த தாளில் கோடு வரையும். குழந்தை திகைக்கும்போது பேப்பர்ட்டு சொன்ன வழி எளிமையானது: நீயே ஆமையாகி நடந்து பார். கட்டத்தைத் தன் காலால் நடந்து பார்த்த குழந்தைக்கு, நான்கு முறை நடப்பதும் நான்கு முறை திரும்புவதும் கட்டமாகும் என்பது உடம்போடு விளங்கியது.

ஆயினும் ஒரு தடை எஞ்சி நின்றது. ஏவலை விசைப்பலகையில் எழுத்துக்கூட்டி அடிக்க வேண்டியிருந்தது. ஓரெழுத்துப் பிழைத்தாலும் பொறி ஏற்காது. எழுத்தே அறியாத மூன்று, நான்கு அகவைக் குழந்தை என்ன செய்யும்? இங்கேதான் ஒரு மாணவியின் கூர்மதி வெளிப்பட்டது. அதே நிறுவனத்தில் பயின்ற இரேடியா பெர்ல்மன் 1974 முதல் 1976 வரை, மழலையர்க்கென்றே தனிக் கருவிகளைப் படைத்தார். குழந்தைக்குத் தடையாய் இருப்பது நிரலாக்கமன்று, விசைப்பலகையும் எழுத்துமே என்று அவர் கண்டார். தடையை அறிந்தபின் அதனை நீக்குவது எளிதாயிற்று.

அவர் முதலில் செய்தது பொத்தான் பேழை. அழுத்தினால் ஆமை உடனே முன்னே செல்லும், பின்னே வரும், திரும்பும், ஒலியெழுப்பும். இது பழகியபின் எண்கள் கொண்ட பேழை; அதன்பின், அழுத்திய ஏவல்களை நினைவில் வைத்து மீண்டும் செய்யும் பேழை. ஒரு வேளையில் ஒரு புதுமைதான்! அடுத்து அவர் செய்த கருவி அதனினும் சிறந்தது. துளைகள் வரிசையாய் அமைந்த நீண்ட பேழை. ஒவ்வொரு துளையிலும் ஓர் அட்டையைச் செருகலாம். ஒவ்வோர் அட்டையும் ஓர் ஏவல். தொடக்க விசையை அழுத்தியதும் ஆமை முதல் அட்டையின்படி இயங்கும். அப்பொழுது அந்த அட்டையின் அருகே விளக்கு எரியும். பிறகு அடுத்த அட்டை, அடுத்த விளக்கு. இத்தகைய பேழைகள் பல நிறங்களில் இருந்தன. ஒரு பேழையின் நிறங்கொண்ட அட்டையை இன்னொரு பேழையில் செருகினால், ஆமை அந்தப் பேழைக்குச் சென்று அதிலுள்ள ஏவல்களை முடித்துத் திரும்பும். ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைக்கும் அரிய கருத்தை, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை நிறத்தைக் கொண்டே அறிந்துகொண்டது.

அந்தப் பணி ஏன் தொடரவில்லை? பெண்கள் மிகச் சிலரே இருந்த துறையில், சின்னஞ்சிறு குழந்தைகளோடு பணியாற்றினால் தம்மை அறிவியலாளராக எவரும் மதிக்கமாட்டார் என்று அஞ்சியதும் ஒரு கரணியம் எனப் பெர்ல்மன் பின்னாளில் கூறினார். கணிப்பொறிகளை இணைக்கும் வலைப்பின்னல் இயலில் 1985இல் அவர் படைத்த வழிமுறை இன்றும் உலகெங்கும் போற்றப்படுகிறது. இழப்பு அவர்க்கன்று, குழந்தைகளுக்கே. மழலைக்குக் கற்பிப்பது தாழ்ந்த தொழில் என்னும் மடமை ஒரு நல்ல கருவியை நெடுங்காலம் முடக்கிப் போட்டது. நம் நாட்டிலும் மழலைப்பள்ளி ஆசிரியையை மதிப்பில் கடைசியிலன்றோ நிறுத்தியிருக்கின்றோம்!

பெர்ல்மன் விதைத்த விதை பிறகு முளைத்தது. பேப்பர்ட்டின் மாணவியும் அர்செந்தீனாவில் பிறந்தவருமாகிய மரீனா பெர்சு, பாசுட்டன் நகரையடுத்த தப்ட்சு பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுகளிலிருந்து ‘கீபோ’ என்னும் எந்திரன் பிறந்தது. நான்கு முதல் ஏழு அகவைக் குழந்தைகளுக்கானது அது. அதில் திரையே கிடையாது. மரக்கட்டைகளே ஏவல்கள், ஒவ்வொரு கட்டையின்மேலும் படமும் பட்டைக்குறியும் இருக்கும். தொடக்கக் கட்டை, முன்செல்லும் கட்டை, சுழலும் கட்டை, முடிவுக் கட்டை எனக் குழந்தை அவற்றை ஒன்றோடொன்று கோக்கும். பிறகு அக்கட்டைகளை ஒவ்வொன்றாய் எந்திரனின் குறிபடிப்பிக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், எந்திரன் அவ்வரிசையில் இயங்கும். காதுபோல் ஒலியை உணரும் உணரியும், கண்போல் ஒளியை உணரும் உணரியும் உண்டு. 2013இல் இலண்டனில் தொடங்கிய ‘கியூபெட்டோ’ என்னும் மரப்பெட்டி எந்திரனும் இவ்வகையதே. அதில் வண்ணத் துண்டுகளைப் பலகையின் குழிகளில் பதிப்பதே நிரலாக்கம்.

கையில் பிடிக்கும் கட்டையால் அப்படி என்ன நன்மை என்று கேட்பீர்கள். முதலாவது, நிரல் முழுவதும் கண்முன் கிடக்கிறது. எந்திரன் முட்டிக்கொண்டு நின்றால், எந்தக் கட்டையால் நின்றது என்று குழந்தை விரலால் சுட்ட முடிகிறது. இரண்டாவது, பிழை அச்சுறுத்துவதில்லை. ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றை வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது, நான்கு குழந்தைகள் சுற்றியமர்ந்து ஒரே நிரலைக் கட்டலாம். திரைமுன் ஒரு குழந்தை அமர்ந்தால் மற்றவை வேடிக்கை பார்க்கத்தான் முடியும். பாசுட்டன் அறிவியல் காட்சியகத்தில் ஒரே எந்திரனை மரக்கட்டையாலும் திரையாலும் ஏவச்செய்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009இல் வெளியிடப்பட்டது. புரிந்துகொள்ளும் எளிமையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆனால் வந்தவரை ஈர்ப்பதிலும், பலர் கூடி ஈடுபடுவதிலும் கட்டையே விஞ்சியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் அறிவு தானே ஊறிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆமை வரைகலை புகழின் உச்சியில் இருந்தபோதே, உராய் பீ, மிதியன் குர்லாந்து என்னும் இரு ஆய்வாளர்கள் நியூயார்க்கில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். ஓராண்டு லோகோ பயின்ற சிறுவர்கள், பயிலாத சிறுவர்களைவிடத் திட்டமிடும் ஆற்றலில் சிறந்து விளங்கவில்லை என்பது 1984ஐ ஒட்டி வெளிவந்த அவர்கள் கண்ட முடிவு. ஏன்? பொறியின்முன் விட்டுவிட்டால் மட்டும் குழந்தை தன் எண்ணத்தைத் தானே ஆராய்ந்துகொள்வதில்லை. “நீ என்ன நினைத்தாய்? பொறி என்ன செய்தது? இரண்டும் ஏன் வேறுபட்டன?” என்று பக்கத்திலிருந்து வினவும் ஆசிரியர் வேண்டும். அவ்வினாவிற்கு விடை சொல்லும்போதுதான் குழந்தை கற்கிறது.

தாய்மார்களே, என் உரையின் உயிர்நிலை இதுவே! கட்டைக்கு மொழி கிடையாது. ஆனால் கட்டையைச் சுற்றி நடக்கும் பேச்சுக்கு மொழி உண்டு. கற்றல் அந்தப் பேச்சில்தான் நிகழ்கிறது என்றால், அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்க வேண்டும்? நான்கு அகவைத் தமிழ்க்குழந்தை, தான் நினைத்ததையும் பொறி செய்ததையும் ஒப்பிட்டு, ‘அது சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது, ஏனென்றால் நான் திரும்பும் கட்டையை முன்னாலேயே வைத்துவிட்டேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா? முடியாது. மனப்பாடம் செய்த நான்கு சொற்களைச் சொல்லும், எண்ணம் ஊமையாகிவிடும்.

தமிழில் அதற்குச் சொல் உண்டா, வடிவம் உண்டா என்று ஐயுறுவார்க்கு நம் இலக்கணமே விடை கூறும். நட, நில், திரும்பு, பாடு, சுழல்: தமிழ் வினையடி ஒவ்வொன்றும் அப்படியே முன்னிலை ஏவல் ஒருமையாய் நிற்கின்றது. ஒட்டு வேண்டா, வெட்டு வேண்டா. ஏவல்களைக் கால வரிசையில் கோக்க ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் உண்டு. ‘மூன்று கட்டம் நடந்து, வலப்புறம் திரும்பி, இரண்டு கட்டம் நடந்து நில்.’ ஒரே தொடர்தான். ஆயினும் அதுவே ஒரு முழு நிரல்! கட்டுப்பாடு சொல்ல வேண்டுமா? தொல்காப்பியர் குறித்த ‘செயின்’ என்னும் எச்சம் இருக்கின்றது. ‘சுவர் எதிர்ப்படின் நில், இன்றேல் நட.’ திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டுமா? ‘கை தட்டும்வரை சுழன்றுகொண்டிரு.’ வரிசை, கட்டுப்பாடு, மடக்கு என்னும் மூன்றும் நிரலாக்கத்தின் அடித்தூண்கள். மூன்றையும் நம் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே பேச்சில் ஆள்கின்றது. அது அறிந்ததைக்கொண்டு அறியாததைக் கற்பிப்பதைவிட்டு, அறியாத மொழியைக்கொண்டு அறியாத கலையைக் கற்பிக்கப் புகுவது எவ்வளவு பெரும் பேதைமை!

இது வெறும் மொழிப்பற்றால் கூறும் கூற்றன்று. சயமிந்து தாசுகுப்தா, பெஞ்சமின் இல் என்னும் இரு ஆய்வாளர், சிறுவர்க்கான ‘சுகிராச்சு’ நிரல்மொழியைப் பயன்படுத்துவோரைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஐந்து நாட்டினரை அவர்கள் ஆராய்ந்தனர். நிரற்சொற்களைத் தம் நாட்டு மொழியில் வைத்துப் பயின்றவர்கள், அதே நாடுகளில் ஆங்கிலத்தில் வைத்துப் பயின்றவர்களைவிட விரைந்து புதிய கருத்துகளைக் கையாண்டனர் என்பதே அவர்கள் கண்ட முடிவு. நம் மொழியிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்னும் தமிழ்ச்சொற்களே ஏவல்கள். கட்டையில் தொடங்கிய குழந்தை எழுத்தறிந்தபின் ஏறுதற்கு அடுத்த படி ஆயத்தமாகவே இருக்கின்றது.

விலையுயர்ந்த எந்திரனுக்கு எங்கே போவது என்று ஏழைத் தாய் கலங்க வேண்டா. முதல் எந்திரன் குழந்தையே. முற்றத்தில் பாண்டியாட்டத்திற்குப் போடுவதுபோல் கரித்துண்டால் கட்டங்கள் போடுங்கள். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, முன்னே செல்ல ஓர் அம்பு, வலத்திருப்பம், இடத்திருப்பம் எனப் படம் வரையுங்கள். படத்தின்கீழ் ‘நட’, ‘வலம்’, ‘இடம்’ என்று தமிழில் எழுதுங்கள். ஒரு குழந்தை எந்திரனாக நிற்கட்டும். இன்னொன்று அட்டைகளை வரிசையாய் அடுக்கட்டும். மூன்றாவது குழந்தை ஒவ்வோர் அட்டையாய்ப் படித்து ஏவட்டும். எந்திரனாய் நிற்கும் குழந்தை அட்டை சொன்னதை மட்டும் செய்யவேண்டும். தானாக ஓரடியும் வைக்கக்கூடாது. இலக்குக் கட்டத்தை அடையாவிட்டால், ஆசிரியர் திருத்தக்கூடாது. எந்த அட்டையில் வழி மாறியது என்று கேட்க வேண்டும். ஒரே அட்டை நான்கு முறை வந்தால், ‘நான்கு முறை’ என்று ஓர் அட்டை எழுதி மடக்கைக் கற்பிக்கலாம். இவை நன்கு பழகியபின் ஊர்ப்பள்ளிக்கு ஓர் எந்திரன் வாங்கினால் போதும். பல குழந்தைகள் கூடி ஏவலாம்.

கோலம் போடும் தாய்மார்கள் இருக்கும் நாட்டில் இக்கலை அயலானதும் அன்று. புள்ளி வைத்து, வளைந்து, திரும்பி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் கம்பிக்கோலம், ஆமை வரையும் கோட்டுக்கு உடன்பிறப்பு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்டு சிரோமணியும் இராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனோடு இணைந்து, கோலங்களைப் பிறப்பிக்கும் கணிப்பொறியியல் இலக்கணத்தை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பெர்ல்மன் மழலைக் கருவியைத் தொடங்கிய அதே ஆண்டு! வாயிற்படியில் இருந்த அறிவை உலக அறிவியல் ஏற்றுக்கொண்டது. நாம்தாம் அதனைத் தண்ணீர் தெளித்து அழித்துவிட்டுத் திரையை நோக்கி ஓடுகின்றோம்.

பெற்றோர்களே, இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து அகவைக் குழந்தைக்கும் எளிய நிரலாக்கம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் தத்தம் வீட்டுமொழியான ஆங்கிலத்தில் கற்கின்றனர். ஆகவே அவர்கட்கு ஒரே சுமை. நம் குழந்தைக்கோ இரண்டு சுமை ஏற்றுகின்றோம். எதிர்காலம், வேலை என்னும் பெயர்களால் அச்சுறுத்தி, ஆங்கிலத் திரையை விற்கின்றவர்கள் உங்கள் வாயிற்கதவைத் தட்டுகின்றார்கள். இரண்டு முதல் நான்கு அகவை வரையுள்ள குழந்தைகளுக்குத் திரைமுன் அமர்வு நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்தை மிஞ்சக்கூடாது, குறைவாயின் இன்னும் நன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியதை அவர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நீங்கள் அவர்களைக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. என் குழந்தையின் கைக்கு வேலை உண்டா? அது பிழை செய்து தானே திருத்த இடமுண்டா? அதனோடு தமிழில் பேசி வினவும் ஆசிரியர் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்னாத இடத்தில் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் வேண்டுவது ஒன்று. எந்திரன், நிரல், உணரி, மடக்கு, பிழைகளைதல் என்னும் சொற்களை வகுப்பறையில் கூசாமல் வழங்குங்கள். குழந்தைக்குக் கடுஞ்சொல், எளிய சொல் என்னும் வேறுபாடு கிடையாது. கையில் உள்ள பொருளோடு சேர்ந்து வரும் எந்தச் சொல்லும் அதற்கு எளிய சொல்லே. கூச்சம் நமக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

பொறியை ஏவத் தெரிந்தவர் ஒருபுறமும், பொறி ஏவியபடி ஆடுகின்றவர் மறுபுறமுமாக உலகம் பிரிந்து வருகின்றது. கட்டாய உழைப்பின் பெயரைத் தாங்கிய எந்திரனுக்கு நம் மக்கள் அடிமையாகக் கூடாது. அதனை ஏவுகின்றவர்களாக வளர வேண்டும். ஏவுவது எந்த மொழியில் என்பதை அந்தக் கட்டை கேட்கவில்லை. அதன் உருளிகள் கேட்கவில்லை. கேட்பவர்கள் நாம்தாம். நாளைக் காலையில் உங்கள் முற்றத்தில் கட்டம் போடுங்கள். குழந்தையின் கையில் அட்டையைக் கொடுங்கள். ‘நட’ என்று அது தமிழில் ஏவட்டும்.